பனையேறும் அப்பாவுக்குச் சிறு வெட்டு பைபாஸ் சரிப்படுமா?

வடலிக்காடு எழுதியது:

திசையன்விளையிலிருந்து உவரி போகும் சாலையில் எங்கள் ஊர். அப்பாவுக்கு 57 வயது. பனையேறி. இந்தப் பருவத்துக்கு 34 மரம் பிடித்திருந்தார். சித்திரை மாதக் கடைசியில் ஒருநாள் காலை, மர உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல் இருந்திருக்கிறது. மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். சிறிது நேரத்தில் விட்டுவிட்டது. இறங்கி வந்தவர் வாய்வு என்று சொல்லி, சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பத்து நாள் கழித்து, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அம்மா அடுப்பில் வைத்திருந்த வட்டையில் (அகலப் பாத்திரம்) பதநீரை ஊற்ற வந்தவர் ஊற்றாமலே உட்கார்ந்துவிட்டார். சட்டை இல்லாத உடம்பு முழுக்க வியர்வை.

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, இதயத் தமனிகளைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ எடுத்தார்கள். எல்ஏடி என்கிற முன்பக்கத் தமனியின் தொடக்கத்திலேயே 90 சதவீத அடைப்பு. நீளமான அடைப்பு, சுண்ணாம்பு படிந்தது. வலது தமனியில் 75 சதவீதம். எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் (பம்பிங்) 55 சதவீதம் என்று இருக்கிறது. சர்க்கரை நோய் 9 ஆண்டாக உண்டு. கருப்பட்டி சர்க்கரையில் சேராது என்பது அவர் கட்சி. 'கலயத்துக்குத் தடவுகிற சுண்ணாம்பு எனக்குள்ளேயும் படிந்துவிட்டதா?' என்று டாக்டரிடமே கேட்டார்.

இப்போது எங்களுக்கு இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், நெஞ்செலும்பைத் திறந்து இரண்டு தமனிக்கும் பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக ஒரு பாலம்) செய்துவிடுவோம், முதல்வர் காப்பீட்டு அட்டை போதும் என்கிறார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், எலும்பைத் தொடாமல் இடது மார்புக்குக் கீழே நாலு விரல் அகல வெட்டு மட்டும் போட்டு எல்ஏடிக்கு பைபாஸ் செய்வோம், வலது தமனிக்குச் சில வாரம் கழித்து ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழாய்) வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அங்கே எங்கள் அட்டை செல்லாது. நான்கு லட்சம் ஆகுமாம். நிலத்தை ஒத்திக்கு வைத்தால் முடியும்.

சின்ன ஆபரேஷன் பெரிய ஆபரேஷன் அளவுக்கு நிற்குமா? இது புதிதாக வந்த முறையா, எங்களை வைத்துப் பழகுகிறார்களா? அப்பாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மறுபடி மரம் ஏறலாமா?

தேன்கூடு எழுதியது:

அறுவையே வேண்டாம் நண்பரே. வெள்ளைப்பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறுகளைக் கொதிக்கவைத்துத் தேன் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அடைப்பு கரைந்துவிடும். என் மாமாவுக்குக் கரைந்தது.

பழைய சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் பாளையங்கோட்டை. சென்னையில் இதய அறுவை தியேட்டரில் 26 ஆண்டு நின்று ஓய்வு பெற்றவள். முதலில் பூண்டுச் சங்கதியை முடித்துவிடுகிறேன். தமனிச் சுவருக்குள் கல்லாக இறுகிய சுண்ணாம்பை எந்தச் சாறும் கரைக்காது.  மாமாவின் இரண்டாவது ஆஞ்சியோவைக் காட்டினால் பார்க்கிறேன். அதுவரை பூண்டு ரசத்துக்கே ஆகட்டும்.

சின்ன ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டுதான் சின்னது. உள்ளே நடப்பது அதே வேலை, சொல்லப்போனால் அதைவிடச் சிரமமான வேலை.

மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் இரட்டைக் குழாய் இறக்கி, இடது நுரையீரலுக்குப் போகிற காற்றை நிறுத்திவிடுவார்கள். அது சுருங்கி ஒதுங்கினால்தான் அந்தச் சந்துக்குள் இதயம் கண்ணில் படும். நாலாவது அல்லது ஐந்தாவது விலா இடுக்கில் வெட்டு. விலாவை அறுப்பதில்லை, விரிப்பார்கள். நெஞ்செலும்பின் உட்புறம் ஓரமாக மேலிருந்து கீழே ஒரு தமனி ஓடுகிறது. உள்மார்புத் தமனி என்று பெயர். அதன் மேல்முனையை இருந்தபடியே விட்டுவிட்டு, சுமார் ஒரு சாண் நீளத்துக்குச் சுவரிலிருந்து பிரித்து இறக்கி, கீழ்முனையை எல்ஏடியில் அடைப்பைத் தாண்டிய இடத்தில் தைப்பார்கள். இதயம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். தைக்கிற இடத்தை மட்டும் அசையாமல் பிடிக்க, கவைக்கம்பு போல இரண்டு விரல் உள்ள ஒரு கருவியைப் பதிய வைப்பார்கள். அந்த இரண்டு விரலுக்கு நடுவே உள்ள இடம்தான் சர்ஜனின் உலகம். தமனியின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் நல்ல அதிர்ஷ்டம். நூல் தலைமுடியைவிட மெல்லியது. ஊசி தரையில் விழுந்தால் காந்தம் வைத்துத் தேடவேண்டும். ஊசிக் கணக்கு சரியாகாமல் நெஞ்சை மூட நான் விட்டதில்லை. இதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

புதிய முறையா என்று கேட்டீர்கள். 1964 பிப்ரவரியில் லெனின்கிராடில் கொலெசொவ் என்ற சர்ஜன் இப்படித்தான் செய்தார். இடது விலா வழியாக நுழைந்து, இதய நுரையீரல் இயந்திரம் இல்லாமல், துடிக்கிற இதயத்தில் இதே உள்மார்புத் தமனியைத் தைத்தார். கால் சிரையை எடுத்துப் பாலம் போடுவதை அமெரிக்காவில் ஃபவலோரோ நிலைநாட்டியது அதற்குப் பிறகு, 1967-ல். நடு நெஞ்சைத் திறந்து, இயந்திரத்தில் போட்டு, இதயத்தை நிறுத்தி நிதானமாகத் தைக்கும் வழி அதன் பிறகு ஊரெங்கும் பரவியது. நம் நாட்டில் முதல் பைபாஸை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். சிறு வெட்டு 1990-களில் மறுபடி தலைதூக்கியது. ஆகவே உங்கள் அப்பாவை வைத்து யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பிட்ட சர்ஜன் பழகுகிறாரா, கைதேர்ந்தவரா என்பது வேறு கேள்வி. அதை முகத்துக்கு நேரே கேளுங்கள். இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குப் பாதியில் பெரிய வெட்டாக மாற்றினீர்கள் என்று. நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நிற்குமா என்றால், எல்ஏடியில் தைத்த உள்மார்புத் தமனி பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்திருக்கும். கால் சிரைக்கு அந்த ஆயுள் கிடையாது. பத்து ஆண்டில் ஏறத்தாழப் பாதி அடைத்துவிடும். உங்கள் இரண்டு வழியிலும் எல்ஏடிக்குப் போவது இதே தமனிதான். அந்த மட்டில் இரண்டும் சமம். வித்தியாசம் வலது தமனியில் இருக்கிறது. ஒன்றில் அதற்கும் பைபாஸ், மற்றதில் ஸ்டென்ட். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனியில் அடைப்பு இருந்தால் எது நல்லது என்று 1,900 பேரை வைத்துப் பார்த்த ஃப்ரீடம் ஆய்வு 2012-ல் வெளியானது. ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதல். ஒன்றைக் கவனியுங்கள்: அது ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களையும் பைபாஸ் மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்டது. உங்களுக்குச் சொன்ன பாதிக்குப் பாதிக் கலவையை அல்ல.

அடுத்து யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது. ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சேர்த்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை விழுங்கவேண்டும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். உங்கள் அப்பா இடுப்பில் அரிவாளோடு மரத்தில் தொங்குகிற ஆள். அந்த மாத்திரைகளோடு ஒரு சின்ன வெட்டுப் பட்டால், விழுந்து தலையில் அடிபட்டால் என்ன ஆகும்? பைபாஸ் மட்டும் என்றால் பலருக்கு ஆஸ்பிரின் ஒன்றோடு போகும். அதுவும் டாக்டர் சொல்கிறபடிதான். இதைச் சர்ஜனிடம் தொழிலைச் சொல்லிக் கேளுங்கள். 'விவசாயம்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் திருத்துங்கள்.

இன்னொன்று. சிறு வெட்டு எல்லோருக்கும் ஆகாது. மோசமான நுரையீரல், பலவீனமான இதயம், அவசர நிலை, அதிகப் பருமன் இவற்றுக்கெல்லாம் யோசிப்பார்கள். அப்பா பீடி குடிப்பாரா? சிறுவயதில் நெஞ்சுச்சளி, காசநோய், நெஞ்சில் நீர் கட்டியது ஏதாவது உண்டா? அம்மாவிடம் கேளுங்கள். ஆண்கள் இதெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

அம்பை கடைசல் எழுதியது:

எனக்குப் பெரிய வெட்டு. ஆறு ஆண்டு ஆகிறது. அப்போது 61 வயது, மூன்று பாலம். அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடையும் பட்டறை வைத்திருக்கிறேன்.

தம்பி, பயப்படுகிற அளவுக்கு நெஞ்சு வலிக்கவில்லை. எலும்பை அறுத்துப் பிறகு எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் வேலி கட்டியது போல் இருக்கிறது, என் பேத்தி எண்ணிப் பார்த்து ஆறு என்றாள். என்னைப் படுத்தியது கால். சிரை எடுத்த இடம் சர்க்கரையினால் ஆறாமல் இரண்டு மாதம் கசிந்தது, கணுக்கால் வீங்கியது. இப்போது துளை வழியாகவே சிரையை உருவி எடுக்கிறார்களாம், அதைக் கேட்டு வையுங்கள்.

இரண்டாவது, தும்மல். மூன்றாவது நாள் ஒரு தும்மல் வந்தது, உயிர் போய்த் திரும்பியது. அதன் பிறகுதான் ஒரு நர்ஸ் வந்து, தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு தும்மவேண்டும் என்றார். முதல் நாளே சொன்னால் குறைந்தா போவார்கள்? எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். இரண்டு மாதம் மல்லாக்கப் படுக்கை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, கட்டிலில் கையை ஊன்றி எழக்கூடாது. மூன்று மாதம் முடிந்து உளியைப் பிடித்தேன். கடைசல் வேலையில் உளியை நெஞ்சோடு அணைத்துத்தான் அழுத்தவேண்டும். முதல் வாரம் கட்டை என்னைக் கடைந்தது. பிறகு சரியாகிவிட்டது. இப்போதும் குளிர்நாளில் கம்பிகள் இருப்பது தெரிகிறது.

கடையநல்லூர் மகன் எழுதியது:

எங்கள் உம்மாவுக்குச் சிறு வெட்டு என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை. நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்து, தமனி கொழுப்புக்கும் தசைக்கும் உள்ளே புதைந்து கிடக்கிறது, சந்து வழியாகக் கிடைக்கவில்லை, நெஞ்சைத் திறந்துவிட்டோம் என்றார்கள். உம்மா பிழைத்தார், நன்றாக இருக்கிறார், அதில் குறையில்லை. ஆனால் கையெழுத்து வாங்கிய தாளில் இப்படி மாறலாம் என்று ஒரு வரி இருந்ததை யாரும் வாசித்துக் காட்டவில்லை. கட்டணமோ சிறு வெட்டுக்கு உரியதையும் போட்டு, பெரிய வெட்டுக்கு உரியதையும் போட்டார்கள். துபாயிலிருந்து தொலைபேசியில் ஒரு மணி நேரம் சண்டை போட்டு ஒன்றைக் குறைத்தேன். பாதியில் மாறினால் பில் என்ன ஆகும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

வடலிக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் அக்கா, நீங்கள் கேட்டது போலவே அம்மாவிடம் கேட்டேன். வட்டையைத் துழாவுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுக்கு இடது பக்கம் நெஞ்சில் நீர் கட்டி, ஊசி போட்டு எடுத்து, ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டாராம். பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கே மூத்த பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியுமாம். நான் கேட்டதற்கு அப்பா, 'அது அப்போதே போயிற்றே' என்றார்.

அக்கா, சிறு வெட்டில் வலி குறைவுதானே? மரம் ஏறுவது பற்றியும் சொல்லுங்கள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பழைய சிஸ்டர் எழுதியது:

அந்த நீர் கட்டிய கதையை உடனே மதுரை சர்ஜனிடம் சொல்லுங்கள். இடது நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்தால் சுருங்காது. சுருங்காவிட்டால் வழி கிடைக்காது. சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வலி விஷயத்தில், விலா இடுக்கில் போட்ட வெட்டு முதல் வாரத்தில் நடு நெஞ்சைவிட அதிகமாகவே நோகும். விலாவுக்குக் கீழே நரம்பு ஓடுகிறது, விரிக்கும்போது அது நசுங்கும். ஆனால் எலும்பு சேரக் காத்திருக்க வேண்டாம் என்பதால் ஆளை எழுப்பி விடுவது சீக்கிரம். எளிய வேலை என்றால் மூன்று நான்கு வாரத்தில் போகலாம்.

மரம் ஏறுவது எளிய வேலை இல்லை. அண்ணாச்சிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். எந்த வெட்டானாலும் மூன்று மாதத்துக்குள் மரத்தில் கை வைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்து இதய டாக்டர் சரி என்றால்தான் பேச்சு. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தரையில் சுற்றினால் உட்கார்ந்துகொள்ளலாம், மேலே சுற்றினால் எங்கே உட்காருவது? என்னைக் கேட்டால் இந்தப் பருவத்தோடு மரத்தை விட்டுவிடுங்கள் என்பேன். கேட்க மாட்டார் என்றும் தெரியும்.

வடலிக்காடு எழுதியது (மூன்று வாரம் கழித்து):

சொல்ல வந்தது. மதுரை சர்ஜன் சிடி எடுத்தார். இடது நுரையீரல் பக்கவாட்டில் நன்றாக ஒட்டிக்கிடக்கிறது. 'உங்களுக்குச் சிறு வெட்டு வேண்டாம், போட்டால் நானே பாதியில் மாற வேண்டிவரும்' என்று அவரே சொல்லிவிட்டார். கட்டணத்தை நினைத்து வற்புறுத்தவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். அப்பாவின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தபோது, மரம் தேய்த்துத் தேய்த்து நடுவில் காய்த்திருக்கிற இடத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். அப்பா சொன்னார். கொஞ்ச நேரம் அந்த விரலை எடுக்கவே இல்லை.

ஆகவே காப்பீட்டு அட்டையில் பெரிய வெட்டு. ஆனி 12-ஆம் தேதி சேர்க்கை. இரண்டு தமனிக்கும் பைபாஸ், இங்கேயும் இதயத்தை நிறுத்தாமல் துடிக்கும்போதே தைப்பார்களாம். எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்கு இல்லை. 'காற்று நின்ற பிறகா பாளை சீவுகிறோம்? மரம் ஆடிக்கொண்டேதான் இருக்கும்' என்றார். சர்ஜனின் கைகளைப் பார்த்துவிட்டு வந்து, நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறார், நல்ல ஆள்தான் என்று அம்மாவிடம் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

34 மரத்தையும் சித்தப்பா மகனுக்கு விட்டாயிற்று. ஆடி வரைக்கும் மட்டும் என்று அப்பா, இனிமேலுக்கும் என்று அம்மா. அது அவர்கள் வழக்கு.

ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், ஆஸ்பிரினை நிறுத்த வேண்டாம் என்றார்கள். இது சரிதானே அக்கா?

பழைய சிஸ்டர் எழுதியது:

அப்படித்தான் வழக்கம். அவர்கள் சொன்ன தேதியைக் காகிதத்தில் எழுதி மாத்திரை டப்பாவில் ஒட்டிவிடுங்கள். சர்க்கரையை இந்த வாரத்திலேயே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். நெஞ்செலும்பு வெட்டில் சீழ் பிடிப்பதற்குச் சர்க்கரை ஒரு முக்கியக் காரணம். கருப்பட்டிக் கட்சியை அறுவை முடியும் வரையாவது கலைக்கச் சொல்லுங்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள கருவி மருந்துக்கடையில் கிடைக்கும். இன்றே வாங்கி மூச்சை இழுத்துப் பழகட்டும். பீடி இன்றோடு சரி.

அம்பை கடைசல் எழுதியது:

தலையணையை மறந்துவிடாதீர்கள். மருத்துவமனையில் தருவது தட்டையாக இருக்கும், பிடிக்க வாட்டமாக இருக்காது.

வடலிக்காடு எழுதியது:

மறக்கவில்லை அண்ணாச்சி. இலவம்பஞ்சு வாங்கி வந்து அம்மா தைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா அதைக் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டு, பனை இதைவிடப் பருமன், இன்னும் கொஞ்சம் பஞ்சு திணி என்கிறார்.